மனநலத்துக்கு அரசு ஒதுக்கும் பணம் நம்ம தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் வருதா? திருநெல்வேலி, தென்காசி மக்களுக்கான கேள்வி பதில்

இரண்டு வகையான ஆட்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். வீட்டில் ஒருவர் மனநல மாத்திரை சாப்பிட்டு வரும் குடும்பத்தார் ஒரு வகை. ஊர்ப் பொதுக்காரியத்தில் முன்னால் நின்று கேள்வி கேட்கிறவர்கள் இன்னொரு வகை. முன்னவர்களுக்கு அவசரம் என்றால் ‘முதலில் எங்கே போகணும்?’ என்ற கேள்வியிலிருந்து படிக்கலாம். பணக் கணக்கு அதற்கு முன்னால் இருக்கிறது.

பட்ஜெட்டில் சுகாதாரத்துக்கு ஆயிரக்கணக்கான கோடின்னு சொல்லுதாங்க. அதில் மனநலத்துக்கு எவ்வளவு?

பட்ஜெட் உரையை மட்டும் கேட்டால் இது தெரியவராது. தமிழ்நாட்டின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு 2023-24 இல் 18,661 கோடி ரூபாய், 2024-25 இல் 20,198 கோடி, 2025-26 இல் 21,906 கோடி என்று ஒதுக்கீடு ஏறி வந்திருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாடு 7.21 கோடிப் பேர். அதை வைத்து வகுத்தால் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 3,000 ரூபாய் வரும். இன்றைய மக்கள்தொகைக்கு இன்னும் குறையும். மாநிலங்கள் தங்கள் பட்ஜெட்டில் 8 விழுக்காட்டையாவது சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையும் 15வது நிதிக்குழுவும் சொன்னன. தமிழ்நாட்டில் அது ஏறத்தாழ 5 விழுக்காட்டிலேயே நிற்கிறது.

இந்தத் தொகைக்குள் ‘மனநலம்’ என்று ஒரே வரி (கணக்குத் தலைப்பு) கிடையாது. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794 இல் தொடங்கியது. அதற்குத் தனிக் கணக்கு. மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவு மருத்துவக் கல்விக் கணக்கில் வரும். மாவட்ட மனநலத் திட்டம் தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் பணத்தில் ஓடுகிறது. மாத்திரை வாங்கும் பணம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கணக்கில் இருக்கும். ஆகவே ‘மனநலத்துக்கு இவ்வளவு கோடி’ என்று யாராவது ஒரே எண்ணைச் சொன்னால், எந்தெந்தத் தலைப்பைக் கூட்டிச் சொல்கிறார் என்று கேளுங்கள். பார்க்க வேண்டிய புத்தகம் மானியக் கோரிக்கை (துறை தன் செலவுக்குச் சட்டமன்றத்திடம் கேட்கும் தொகைப் பட்டியல்) எண் 19. அதில் 2210 என்று தொடங்குவது அன்றாட மருத்துவச் செலவு, 4210 என்பது கட்டடம், கருவி போன்ற மூலதனச் செலவு.

அறிவிப்பு வந்து வருசம் ஒண்ணாச்சு, ஆஸ்பத்திரியில ஒண்ணும் மாறலையே?

அறிவிப்பு என்பது முதல் படிதான். சட்டமன்றத்தில் விதி 110 இன் கீழ் (விவாதமில்லாமல் அறிக்கை படிக்கும் விதி) படிப்பதும், துறை அமைச்சர் மானியக் கோரிக்கையின்போது வாசிப்பதும் அறிவிப்பு. அடுத்து பட்ஜெட்டில் அதற்கு ஒரு கணக்கு வரி விழ வேண்டும். பிறகு அரசாணை. நிர்வாக ஒப்புதல், நிதி ஒப்புதல் இரண்டும் அதில் இருக்க வேண்டும். நிர்வாக ஒப்புதல் மட்டும் உள்ள அரசாணையை வைத்து ஒரு செங்கல்கூட வாங்க முடியாது. அதன்பின் கட்டடமானால் ஒப்பந்தப்புள்ளி, ஆளானால் பணியிடம் உருவாக்கி மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகவோ ஒப்பந்த முறையிலோ நியமனம். கடைசியில்தான் பணம் விடுவிப்பு, செலவு.

எந்த அறிவிப்பைப் பற்றிப் பேசினாலும் ‘அரசாணை எண் என்ன, தேதி என்ன?’ என்று முதலில் கேட்பது இதனால்தான். எண் இல்லையென்றால் வேலை இரண்டாம் படியைத் தாண்டவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு நுட்பம் இருக்கிறது. பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு வரிக்கும் மூன்று எண்கள் இருக்கும்: மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, முந்தைய ஆண்டுகளின் உண்மைக் கணக்கு. செய்தித்தாளில் வருவது முதல் எண். நடந்தது என்ன என்பதைச் சொல்வது மூன்றாவது. தொலைபேசி மனநலச் சேவைக்கு (பின்னால் வரும் 14416 எண்) ஒன்றிய பட்ஜெட்டில் 2023-24 இல் சுமார் 134 கோடி ரூபாய் மதிப்பீடு. அடுத்த ஆண்டு அது 90 கோடியாக இறங்கியது. முதல் அறிவிப்பை மட்டும் நினைவில் வைத்திருப்பவருக்கு இந்த இறக்கம் தெரியாது. தேர்தல் ஆண்டில் முதலில் இடைக்கால பட்ஜெட்தான் வரும். புதிய திட்டத்துக்கான பணத்தை அதில் தேட வேண்டாம்.

மாவட்ட மனநலத் திட்டம்னா என்ன? நம்ம மாவட்டத்துக்கு அதில் என்ன வரணும்?

தேசிய மனநலத் திட்டம் 1982 இல் வந்தது. அதை மாவட்ட அளவுக்கு இறக்கியது 1996 இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம். பெரிய நகரத்து மருத்துவமனைக்கு நோயாளி அலையாமல், மனநல மருத்துவர் குழு தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் குறித்த நாளில் போய்ப் பார்ப்பதுதான் இதன் அடிப்படை. குழுவில் மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர், சமுதாயச் செவிலியர், கண்காணிப்பு அலுவலர், பதிவேடு உதவியாளர், வார்டு உதவியாளர் என எட்டுப் பேர் இருக்க வேண்டும். மாவட்ட மருத்துவமனையில் 10 படுக்கை கொண்ட மனநலப் பிரிவு இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 83.2 லட்சம் ரூபாய் வரை என்று ஒன்றிய அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. தேசிய நலவாழ்வுக் குழுமச் செலவில் தமிழ்நாட்டுக்கு ஒன்றியம் 60, மாநிலம் 40 என்பது பங்கு. தென்காசி பிரிவதற்கு முந்தைய திருநெல்வேலி மாவட்டத்தில் 2011 இல் 30.77 லட்சம் பேர். 83.2 லட்சத்தை அவர்களுக்குப் பிரித்தால் தலைக்கு ஆண்டுக்கு 2 ரூபாய் 70 காசு. அதுவும் முழுத்தொகை வந்தால். 2015-16 இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் ஒரு மாநிலம். நாட்டில் வயதுவந்த 100 பேரில் 10 பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலச் சிக்கலோடு இருந்தார்கள் என்று அது கண்டது. தலைக்கு இரண்டே முக்கால் ரூபாயும் நூற்றில் பத்துப் பேரும் ஒரே மாவட்டத்தில் என்று நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது. பணம் போதாது என்பதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

தென்காசி தனி மாவட்டம் ஆனதால இதில் லாபமா நஷ்டமா?

2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. இத்திட்டத்தின் பணம் ‘மாவட்டத்துக்கு இவ்வளவு’ என்ற கணக்கில் வருவதால், இரண்டு மாவட்டம் என்றால் இரண்டு குழு, இரண்டு உச்சவரம்பு. அது லாபமே. ஆனால் குழு தாளில் மட்டும் பிரிந்து, ஒரே மருத்துவர் இரண்டு பக்கமும் கூடுதல் பொறுப்பு பார்த்தால் சங்கரன்கோவில், சிவகிரி, கடையநல்லூர் பக்கத்து மக்களுக்கு எந்த மாற்றமும் இருக்காது. தென்காசியில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லாததால், மாவட்டக் குழுவில் ஓர் இடம் காலியானாலும் அதை நிரப்பிக்கொள்ள அருகில் கல்லூரி மருத்துவர்கள் கிடையாது. அதனால் தென்காசிக்காரர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி பணம் எவ்வளவு என்பதல்ல. ‘எட்டுப் பணியிடத்தில் எத்தனை தென்காசிக்கென்று தனியாக நிரம்பியிருக்கிறது?’ என்பதுதான்.

பணம் வந்தும் செலவாகாம திரும்பிப் போகுதுன்னு சொல்லுதாங்களே, அது எப்படி?

உண்மைதான். காரணம் பெரும்பாலும் திருட்டு அல்ல, காலதாமதம். மாவட்டம் தன் தேவையை எழுதி மாநிலத்துக்கு அனுப்ப, மாநிலம் அதைச் சேர்த்து செயலாக்கத் திட்டமாக ஒன்றியத்துக்கு அனுப்புகிறது. அங்கே ஒப்புதல் பதிவேடு வெளியாகிறது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஒப்புதலும் முதல் தவணையும் பிந்தினால் முதல் காலாண்டு கையிருப்பில் ஓடும், இல்லையென்றால் ஓடாது. ஒப்பந்தப் பணியாளர் சம்பளம் தவறும். அவர் வேறு வேலை பார்த்துப் போவார். இடம் காலியானால் அந்தச் சம்பளத் தொகை செலவாகாது. செலவாகாத தொகையைக் காட்டி அடுத்த ஆண்டு ஒதுக்கீடு குறையும். இந்தச் சுழலில் மாட்டியவர்கள் அதிகாரிகள் மட்டுமல்ல. மாதந்தோறும் வந்த மனநலச் சமூகப் பணியாளர் திடீரென வராமல் போனதும் மாத்திரையை நிறுத்திய நோயாளிகளும்தான்.

இன்னொரு காரணம் ஆள் பஞ்சம். இந்தியாவில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்தான் இருக்கிறார், 3 பேராவது வேண்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2023 இல் எடுத்துச் சொன்னது. ஒப்பந்த ஊதியத்தில் திசையன்விளைக்கும் ராதாபுரத்துக்கும் மருத்துவர் கிடைப்பது கடினம். நிரந்தரப் பணியிடமாக்கினால் ஓரளவு தீரும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில பெரிய கட்டடம் கட்டினாங்களே, அப்புறமும் ஏன் கூட்டம்?

1965 இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் பிரதமரின் சுகாதாரப் பாதுகாப்புத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை எழுந்தது. 150 கோடி ரூபாய். அதில் 120 கோடி ஒன்றியம், 30 கோடி மாநிலம். இது 4210 வகைப் பணம், அதாவது மூலதனச் செலவு. இதய, சிறுநீரக, நரம்பு அறுவை போன்ற உயர் சிறப்புப் பிரிவுகளுக்கானது. மனநலப் புறநோயாளிப் பிரிவுக்கு இதில் ஒரு நாற்காலிகூட அதிகமாகாது. கட்டடப் பணம் ஒருமுறை வரும், படம் எடுக்கலாம். மனநலத்துக்கு வேண்டியது ஆண்டுதோறும் வரும் ஆள் சம்பளமும் மாத்திரையும். அரசியல் மேடையில் இரண்டும் ஒரே சொல்லில் ‘நிதி’ என்று வருவதால் குழப்பம்.

உலக வங்கிக் கடன் வாங்கிச் சீர்திருத்தம்னு ஒண்ணு நடந்துச்சே?

தமிழ்நாடு சுகாதாரச் சீரமைப்புத் திட்டம். 2019 இல் 28.7 கோடி டாலர் கடன். மொத்தச் செலவு 2,857 கோடி ரூபாய், அதில் சுமார் 857 கோடி மாநிலப் பங்கு. இதில் பணம் ‘இவ்வளவு செலவழித்தேன்’ என்று பில் காட்டி வருவதில்லை. ‘இந்த இலக்கை அடைந்தேன்’ என்று நிரூபித்தால்தான் தவணை வரும். சிகிச்சைத் தரம், தொற்றா நோய் மற்றும் விபத்துக் காயம், பின்தங்கிய பகுதிகளுக்குச் சமமான சேவை ஆகியவை இலக்குகள். நமக்குக் கிடைத்த நல்ல விளைவு ஒன்று மாவட்ட சுகாதாரப் பேரவை. உள்ளாட்சி உறுப்பினர்களும் பொதுமக்களும் அதிகாரிகளோடு உட்கார்ந்து மாவட்டத்தின் தேவையைத் தீர்மானமாக எழுதும் கூட்டம் அது. கடைசிக் கேள்வியில் இதற்குத் திரும்ப வருகிறோம்.

எங்க வீட்டில ஒருத்தருக்கு மனசு சரியில்லை. முதலில் எங்கே போகணும்?

அவசரமில்லை என்றால் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய், ‘மாவட்ட மனநலக் குழு எந்தக் கிழமை வருகிறது?’ என்று கேளுங்கள். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம், சங்கரன்கோவில், புளியங்குடி, சிவகிரி, கடையநல்லூர், செங்கோட்டை, ஆலங்குளம் ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகள் உண்டு. கிழமை மாறக்கூடும் என்பதால் போகும் முன் கேட்டுக்கொள்வது நல்லது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட வேண்டும். முதல் தடவை போகும்போது அவரை நன்றாகத் தெரிந்த ஒருவர் கூடப் போவது அவசியம். எப்போதிலிருந்து தூக்கம் இல்லை, என்ன பேசினார், முன்பு என்ன மாத்திரை சாப்பிட்டார், குடி உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். மருத்துவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் இந்தத் தாள் பெரிய உதவி.

ஆஸ்பத்திரியில் எழுதித் தரும் நோட்டைப் பத்திரமாக வையுங்கள். அதுதான் உங்கள் மருத்துவப் பதிவு. சட்டப்படி உங்கள் பதிவைக் கேட்டு வாங்கவும் உரிமை உண்டு.

நம் பக்கத்தில் ‘கோட்டி’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். பயப் பதற்றமும், பிரசவத்துக்குப் பின் வரும் சோர்வும், காதில் குரல் கேட்பதும் வேறு வேறு நோய். வேறு வேறு மருந்து. அந்தச் சொல்லுக்குப் பயந்தே எத்தனையோ பேர் ஓ.பி. வரிசையில் நிற்காமல் போகிறார்கள்.

மாத்திரை இல்லைன்னு வெளியில வாங்கச் சொல்லுதாங்க. என்ன செய்ய?

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 இன் 18வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள், வட்டார அளவிலான சமுதாய சுகாதார நிலையம் முதல் மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும், எந்நேரமும், இலவசமாகக் கிடைக்க வேண்டும். வருமானச் சான்று தேவையில்லை. இது சலுகை அல்ல, உரிமை.

மருந்து வரும் வழி இது. 1994 இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புத்தகம் உண்டு. அதில் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மருந்து என்று வரம்பு இருக்கும். மருந்தாளுநர் எவ்வளவு தேவை என்று எழுதி எடுத்துக்கொள்கிறார். அடுத்த ஆண்டுத் தேவையைப் போன ஆண்டுச் செலவைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். இங்கேதான் சிக்கல். ‘இல்லை’ என்றதும் நோயாளி பேசாமல் வெளியே வாங்கிக்கொண்டால், பதிவேட்டில் அந்த மாத்திரைக்குத் தேவையே இல்லாததுபோல் ஆகிவிடும். அடுத்த ஆண்டு இன்னும் குறைத்து எழுதுவார்கள். நீங்கள் பேசாமல் திரும்புவது உங்களுக்குப் பின்னால் வருகிறவரின் மாத்திரையையும் குறைக்கிறது.

ஆகவே மருந்துச் சீட்டில் ‘இருப்பு இல்லை’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தால் அதைக் காட்டி முதன்மை மருத்துவ அலுவலரிடம் போகலாம். கழகத்தில் இல்லாத மருந்தை உள்ளூரில் வாங்கிக்கொள்ள மருத்துவமனைக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கியிருப்பார்கள். அதைப் பயன்படுத்தச் சொல்லிக் கேட்கலாம். எழுதித் தர மறுத்தால், தேதியும் மருந்தின் பெயரும் போட்டு நீங்களே ஒரு மனு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். மருந்தின் வேதிப்பெயரை எழுதுவது முக்கியம்: ரிஸ்பெரிடோன், ஒலான்சபைன், எஸ்சிடலோபிராம், லித்தியம், வால்ப்ரோயேட் என்று. கடைப்பெயரை எழுதினால் ‘அது எங்களிடம் கிடையாது’ என்று உண்மையாகவே பதில் வரும்.

மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கப் போங்கள். தீபாவளி, பொங்கல், குலதெய்வக் கோயில் கொடை ஆகிய நாட்களில்தான் மாத்திரை அறுந்துபோய்ப் பலருக்கு நோய் திரும்புகிறது.

லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சித்திரை வெயிலில் உடம்பில் நீர் வற்றினாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபேன் போன்ற வலி மாத்திரை சாப்பிட்டாலோ ரத்தத்தில் லித்தியம் ஏறும். கை நடுக்கம் அதிகமாகி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தத்தில் லித்தியம் அளவைப் பார்க்கும் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

14416 என்ன எண்? 104 வேற இருக்கே?

14416 கட்டணமில்லாத மனநல ஆலோசனை எண். 2022 அக்டோபர் 10 அன்று நாடு முழுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். 104 மாநிலத்தின் பொதுச் சுகாதார உதவி எண். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் இரண்டையும் விட்டுவிட்டு 108 ஐ அழையுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு. அதில் மனநலச் சிகிச்சை உண்டா?

அட்டை குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்நோயாளிச் சிகிச்சைக்கு. மாதாந்திர மாத்திரை அதில் வராது, அது அரசு மருத்துவமனையில் எப்படியும் இலவசம். உள்நோயாளியாகச் சேர்க்கும் முன் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் காப்பீடு எடுத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: 2017 சட்டத்தின் 21வது பிரிவுப்படி உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தந்தாக வேண்டும். ‘மனநோய் விலக்கு’ என்று பாலிசியில் இருந்தால் அது செல்லாது.

தம்பி ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேங்கான். கட்டித் தூக்கிட்டுப் போகலாமா?

கட்டக் கூடாது. சங்கிலியால் பிணைப்பதை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95வது பிரிவு முழுதாகத் தடுக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகத் தீயில் சங்கிலியோடு 28 பேர் இறந்தார்கள். (அது ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி, நம் நாங்குநேரிப் பக்கத்து ஏர்வாடி அல்ல.) அந்தச் சாவுகளுக்குப் பிறகும் சங்கிலியை நியாயப்படுத்த யாருக்கும் வாயில்லை.

அவர் சம்மதிக்காவிட்டாலும் வழி உண்டு. அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது அவரே தேர்ந்தெடுத்தவர், இல்லாவிட்டால் அவரைக் கவனிக்கும் உறவினர், எழுதிக் கேட்டால் 89வது பிரிவில் 30 நாள் வரை சேர்க்கலாம். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியாகப் பார்த்து, அவருக்கோ பிறருக்கோ ஆபத்து என்றோ தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலை என்றோ எழுத வேண்டும். உடனடி ஆபத்து என்றால் எந்த மருத்துவரும் 94வது பிரிவில் 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை தரலாம். வள்ளியூர் போன்ற தாலுகா மருத்துவமனையிலும் இது பொருந்தும். ‘மனநல மருத்துவர் இல்லை, பாளையங்கோட்டைக்குப் போங்க’ என்று முதலுதவிகூடச் செய்யாமல் அனுப்பக் கூடாது.

பஸ் ஸ்டாண்டில ஒருத்தர் யாருமில்லாம அலையுதார்.

காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். 2017 சட்டத்தின் 100வது பிரிவுப்படி அவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது காவலரின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்ற மனநோயாளிகளுக்கென்று மாநில அரசு அவசரச் சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களை நடத்துகிறது.

உயிரை விடப் பார்த்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா போலீஸ் கேஸ் ஆகுமா?

இந்தப் பயத்தில் உண்மையை மறைத்துச் சிகிச்சை தாமதமாகி உயிர் போயிருக்கிறது. மறைக்க வேண்டாம். 2017 சட்டத்தின் 115வது பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதி, வழக்கும் தண்டனையும் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309வது பிரிவும் இல்லை. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பும், காவலர் வந்து விசாரிப்பார். அது நடைமுறை, வழக்கு அல்ல. என்ன சாப்பிட்டார் என்பதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொன்னால்தான் சரியான மாற்று மருந்து கிடைக்கும். உடல் தேறியதும் மனநலப் பிரிவில் காட்டாமல் வீட்டுக்கு அழைத்துவர வேண்டாம்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போறதை நிறுத்தணுமா?

வேண்டாம். சங்கரன்கோவில் கோமதியம்மன் சன்னதிச் சக்கரத்தில் உட்கார்ந்து எழும் அம்மாக்களுக்கு அதில் கிடைக்கும் ஆறுதலை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. மாத்திரையை நிறுத்தாமல் போங்கள், அவ்வளவுதான். விரதம் என்றாலும் மாத்திரைக்கு விலக்கு உண்டு.

ஊனச் சான்று, உதவித்தொகை கிடைக்குமா?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் உண்டு. மனநல மருத்துவர் நான்கு விஷயங்களுக்கு ஒவ்வொன்றிலும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்: தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை. நோய் எத்தனை ஆண்டு என்பதற்கு 1 முதல் 4. கூட்டினால் 7 அல்லது மேல் வந்தால் 40 விழுக்காடு. உதவிகளுக்கு அதுதான் வாசல். பலருக்குக் குறைவது ஏனென்றால், சான்றுக்குப் போகும் நாளில் நன்றாகக் குளித்து, உடுத்தி, ‘நல்லா இருக்கேன் சார்’ என்று சொல்லிவிடுகிறார்கள். கூடப் போகிறவர் வீட்டில் நடப்பதை உள்ளபடி சொல்ல வேண்டும். பீடி சுற்றுவதையோ வயல் வேலையையோ விட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விண்ணப்பத்துக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

இதையெல்லாம் யார்கிட்ட, எப்படிக் கேட்கணும்?

யார் கீழ் எது என்று தெரிந்து கேட்க வேண்டும். தாலுகா மருத்துவமனைகளும் தென்காசித் தலைமை மருத்துவமனையும் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் கீழ். ஆரம்ப சுகாதார நிலையங்கள் மாவட்ட சுகாதார அலுவலர் கீழ். ஹைகிரவுண்ட் மருத்துவமனை மருத்துவக் கல்லூரி முதல்வர் கீழ். ராதாபுரம் மருத்துவமனைக் குறையைக் கல்லூரி முதல்வரிடம் கொடுத்தால் மனு அங்கேயே தூங்கும்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். நெல்லைக்குக் கொக்கிரகுளம். கிராம சபை ஆண்டில் ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிராம சபையில் ‘மனநல மருத்துவர் மாதம் இருமுறை எங்கள் வட்டார நிலையத்துக்கு வர வேண்டும்’ என்று ஒரே வரித் தீர்மானம் போட்டு, அதன் நகலை மாவட்ட சுகாதாரப் பேரவைக்கு ஊராட்சித் தலைவர் வழியாகக் கொண்டுபோங்கள். பல ஊராட்சிகளின் ஒரே தீர்மானம் சேர்ந்து வந்தால், மாவட்டம் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் எழுதாமல் இருப்பது கடினம். மார்ச்சில் கேட்டால் பிந்திவிடும். ஆகஸ்ட், அக்டோபர் கிராம சபைகள்தான் காலத்தில் வருபவை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பதானால், வெள்ளைத்தாளில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் என்றால் கட்டணம் இல்லை. ‘ஏன் மருத்துவர் வரவில்லை?’ என்று கேட்டால் ‘இது தகவல் அல்ல’ என்று பதில் வரும். இப்படிக் கேளுங்கள்:

மாவட்ட மனநலத் திட்டத்தில் இன்றைய தேதியில் அனுமதிக்கப்பட்ட, நிரம்பிய, காலியான பணியிடங்கள், பதவி வாரியாக.
கடந்த மூன்று நிதியாண்டுகளில் பெற்ற தொகை, செலவான தொகை, காலாண்டு வாரியாக.
ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் குழு வரவேண்டிய நாட்கள், உண்மையில் வந்த நாட்கள், வருகைப் பதிவேட்டின் நகல்.
ரிஸ்பெரிடோன், லித்தியம் உள்ளிட்ட ஐந்து மருந்துகளின் மாதக் கடைசி இருப்பு.

30 நாளில் பதில் வர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தால் அவர்களே 5 நாளில் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டாலோ பாதிதான் வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கும் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். நோயாளியின் பெயரை எந்தத் தாளிலும் எழுத வேண்டாம். கேட்பது பணத்தைப் பற்றி, ஆளைப் பற்றி அல்ல.